நேத்து எடுத்த படம் எங்கே?

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! இவனை எப்படியும் பத்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, பரீட்சை அறையில் காப்பி அடிப்பவனைத் தேடுவது போல எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கு வாத்தியாரே, அம்மையாரின் அன்புக் கணவரே! அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே! செவிலியத் தங்கைகளே! பாதி நாளை இருட்டறையில் கழித்துப் பழகி, இந்த மண்டபத்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்கும் ஸ்கேன் பிரிவுப் பிள்ளைகளே! ஒரு காலத்தில் மூச்சுத் திணறி எங்களிடம் வந்து, இன்று சொந்தக் காலில் படியேறி இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு சண்டை போட்டாக வேண்டும். இரங்கல் கூட்டத்தில் சண்டையா என்று கேட்காதீர்கள். மறைந்த அம்மையாரோடு சண்டை போட்டே எனக்கு வயதாகிவிட்டது. இன்று மட்டும் வாயை மூடிக்கொண்டு அழுதுவிட்டுப் போனால் அவரே நம்ப மாட்டார்.

மேடைக்குப் பின்னால் அவருடைய படத்தை வைத்திருக்கிறீர்கள். நல்ல படம், ஓய்வுபெற்ற அன்று எடுத்தது. நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒரு படம்! யாருக்கு? ஒற்றைப் படத்தை நீட்டினால் கையால் தொடக்கூட மாட்டேன் என்றவருக்கு ஒற்றைப் படமா? இதைப் பார்த்திருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்? கடைசி வரிசைப் பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள். என்ன கேட்டிருப்பார்?

கேட்டீர்களா? ஒரே குரலாக வருகிறது! "நேத்து எடுத்த படம் எங்கே?"

அதனால்தான் வீட்டிலிருந்து இதைக் கொண்டுவந்தேன். இதோ, இவர் நம் மருத்துவமனைக்கு வந்த புதிதில் எடுத்த படம். கதிர் படாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, அந்தக் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். யாரையோ என்ன, என்னைத்தான். நான் அந்த அங்கியைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். ஐயா, யாராவது இதை அந்தப் படத்துக்கு இடப்பக்கம் வையுங்கள். வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம்! பழசு இடப்பக்கம், புதுசு வலப்பக்கம். அதை மாற்றி வைத்துவிட்டு அவரிடம் திட்டு வாங்காதவர் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா? ஆங், இப்போது சரி. இப்போது பேசலாம்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மையார் கதிரியக்கத் துறையின் தலைவராக இருந்தவர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது அவர் தொழில். நான் நெஞ்சு நோய் மருத்துவன். நோயாளி என் கட்டிலில் இருப்பார், அவர் நெஞ்சின் படம் அம்மையாரின் மேசையில் இருக்கும். ஒரே ஆளை நான் மேல்மாடியிலிருந்தும் அவர் கீழ்மாடியிலிருந்தும் பார்ப்போம். பிறகு சண்டை வராமல் எப்படி இருக்கும்?

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் 'அக்கா' என்பேன். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டால் அன்றைக்கு எல்லாம் நலம். 'டாக்டர்' என்று கூப்பிட்டால் நான் ஏதோ வம்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். 'டாக்டர் அவர்களே' என்று ஆரம்பித்தால் செவிலியர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நேத்து டாக்டர்'. எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி, "நேத்து எடுத்தது எங்கே?" முந்தின படம் போன வாரத்ததாக இருந்தாலும், மூன்று வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் அவருக்கு அது நேற்றுத்தான். நான் அவசரத்தில் குதிப்பேன். "அக்கா, இன்னைக்கு எப்படி இருக்காருன்னு சொல்லுங்க, போதும்!" அவர் நாற்காலியைக்கூடத் திருப்பாமல் சொல்வார்: "ஒரு படத்தைப் பாத்தா ஆள் எங்கே நிக்கிறாருன்னு தெரியும் தம்பி. எந்தப் பக்கம் போறாருன்னு தெரிய ரெண்டு படம் வேணும். வந்துக்கிட்டிருக்காரா, போய்க்கிட்டிருக்காரா? அதைத்தானே நீ கேக்க வந்தே?"

இந்த ஒப்பிடும் புத்தி வீட்டுக்குப் போனாலும் அவரை விட்டுப் போகவில்லை. சிற்றுண்டிச்சாலையில் தேநீரை வாயில் வைத்ததும், "நேத்து பரவாயில்லை" என்பார். புதிய தலைவர் பொறுப்பேற்ற அன்று வரவேற்புரையில், "இவரையும் போகப் போகத்தான் பார்க்கணும்" என்றார். தலைவர் அவர்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று நீங்கள் சிரிக்கவில்லை! கணக்கு வாத்தியார் என்னிடம் ஒருநாள் புலம்பினார்: "வருஷா வருஷம் என்னை அதே ஜன்னலுக்குப் பக்கத்திலே, அதே தூரத்திலே நிக்கவச்சுப் போட்டோ எடுக்கறா டாக்டர். பிரியம்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, என் தலையிலே முடி எவ்வளவு பின்வாங்குதுன்னு பாக்கறா!" அதற்கு அக்கா சொன்ன பதில் என்ன தெரியுமா? "பிரியம் இல்லாட்டி யாரு மெனக்கெட்டு வருஷா வருஷம் பாப்பா?"

அந்த அறை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கீழ்மாடி நடைபாதையின் கோடியில், தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டிய அறை. கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கும். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும் என்பார்கள். மனிதர்கள் நடுங்கினால் கேட்க நாதி இல்லை. அக்கா தோளில் ஒரு பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை. கை வைக்கும் இடம் கிழிந்து ஒட்டுப் போட்ட நாற்காலி அவருடையது. ஒரு கால் குட்டையான முக்காலி எனக்கு. "நேரா உக்காந்தா தூங்கிருவே, இதுலே விழுந்துருவோமோங்கிற பயத்துலே முழிச்சிருப்பே" என்று அவரே ஒதுக்கிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் சுவரில் விளக்குப் பெட்டி, கருப்புப் படச்சுருள். பெட்டியின் உள்விளக்கு வண்டு மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். பிறகு கணினித் திரை வந்தது. முனகல் போயிற்று, முக்காலி போகவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்து, தினமும் படங்களைச் சேர்ந்து பார்க்கும் காலைக் கூட்டத்தில் அவரோடு கழித்த வருடங்களை யாராவது திருப்பித் தருவார்கள் என்றால், என் ஓய்வூதியத்தை இங்கேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

வைரஸ் நிமோனியா அலை வந்த அந்தப் பருவத்துக்கு வருகிறேன். கட்டில் போதாமல் நடைபாதையில் ஆட்களைப் படுக்க வைத்தோமே, அந்தப் பருவம். உறவினர்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம். எல்லாரும் முகமூடிக்குள், கண்ணாடிக்குள். எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எங்களுக்கே தெளிவில்லாத நேரம். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் பேச முடியாமல் கிடப்பார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரத்தில் எங்களுக்கு வழி காட்டியது எது? அந்தக் குளிர் அறைதான்! நோய் நெஞ்சுக்குள் எப்படி நடந்து போகிறது என்று அக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். படத்தில் காற்று கருப்பாகத் தெரியும். நல்ல நுரையீரல் கரிய இரவு மாதிரி இருக்கும். நோய் நுழைந்ததும், கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே ஒரு மங்கல், அப்படி ஓரங்களில் திட்டுத் திட்டாகப் படியும். பிறகு அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேரும், தடிக்கும், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகும். அதுதான் உச்சம். அதைத் தாண்டிவிட்டால் வெள்ளை உடைந்து, மெல்லிய கோடுகளாக மாறும். அந்தக் கோட்டைப் பார்த்தால் அக்காவின் முகம் மலர்ந்துவிடும். "கோடு விழுந்தா ஆள் வீட்டுக்கு" என்பார். இளம் மருத்துவர்கள் அதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் இதெல்லாம் ஒற்றைப் படத்தில் தெரியுமா? இன்றைய வெள்ளை ஏறுகிற வெள்ளையா, இறங்குகிற வெள்ளையா என்று எப்படிச் சொல்வது? நேற்றைய படம் இல்லாமல் சொல்லவே முடியாது.

அப்போதுதான் அச்சகத்துக்காரர் வந்தார்.

இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, தூண் பக்கம், மனைவியோடு. எழுந்திருக்க வேண்டாம் அண்ணே, உட்காருங்கள். வாழ்நாள் முழுக்க அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதை வாங்கிக்கொண்டது. காதுக்குள் வைக்கும் சின்னக் கருவி இருந்தால்தான் கேட்கும்.

அவரைச் சேர்த்த அன்று அவர் மனைவி, அந்த அம்மா, வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "டாக்டர், என்ன வேணா செய்யுங்க. தொண்டையிலே குழாய் விடறது மட்டும் வேண்டாம். இவங்க அண்ணனுக்கு அதான் செஞ்சாங்க. அவர் திரும்பி வரலை. இவர் அதை நினைச்சு நினைச்சே பயந்து சாகறார்."

குழாய் ஒன்றும் எமன் இல்லை, தாய்மார்களே. அது எத்தனையோ பேரை மீட்டுத் தந்திருக்கிறது. ஆனால் வயதானவருக்கு, இதயம் பலவீனமானவருக்கு, தேவையில்லாமல் போட்டால் அதுவே வினையாகிவிடும். தேவையானபோது போடாவிட்டாலும் வினைதான். "அவசியம் வந்தாலொழியப் போட மாட்டேன்மா" என்றேன். அவசியம் வந்ததா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது? மறுபடியும் அந்தக் குளிர் அறைதான்.

முதல் ஸ்கேனில் ஓரத்தில் மங்கல், நடுவில் தடிப்பு, கவலைப்படும்படிதான் இருந்தது. சில நாள் கழித்து மூச்சு வேகம் கூடவே, இரண்டாவது ஸ்கேனுக்கு அனுப்பினேன். அன்று காலை எனக்குத் தலைக்கு மேல் வேலை. கீழே அக்காவுக்கு அதைவிட மேல். மலை போலக் குவிந்த படங்கள். அவருடைய அறிக்கை வந்தது: முந்தைய படத்தைவிட நோய் கணிசமாக அதிகரித்துள்ளது. கீழே அவர் கையெழுத்து. படத்தை நானும் பார்த்தேன். இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்தன.

இனி என்ன யோசனை? மயக்க மருத்துவரைக் கூப்பிட்டேன். குழாய்க்கு வேண்டிய எல்லாம் தள்ளுவண்டியில் வந்து நின்றன. அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் அழுகைகூட இல்லை. "சரி டாக்டர்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த 'சரி' இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்போது நடைபாதையில் தடதடவென்று சத்தம். யார் என்று பார்த்தால், அக்கா! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேல்மாடிக்கு வராதவர், "நான் கீழே இருக்கற ஆளு, மேலே வந்தா கண்ணு கூசும்" என்பவர், பாதுகாப்பு உடுப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும், மூச்சு வாங்க ஓடிவருகிறார்.

"நிறுத்து தம்பி! அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடு!"

"என்னக்கா சொல்றீங்க? நீங்க எழுதினதுதானே? கையெழுத்து உங்களோடதுதானே?"

"நான்தான் எழுதினேன், நான்தான் கிழிக்கச் சொல்றேன். ரெண்டு படத்தையும் மறுபடி பக்கத்துலே வச்சுப் பாத்தேன். மூச்சுக்குழாய் நேத்து உருண்டையா இருந்தது. இன்னைக்குப் பின்பக்கம் உள்வாங்கி அரை நிலா மாதிரி இருக்கு. அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கலை தம்பி, விட்டுட்டுப் படுத்திருக்கார். மூச்சு விட்ட நுரையீரல் வெளுப்பாத்தான் தெரியும். அந்த வெளுப்பை நான் நோய்னு எழுதிட்டேன்."

புரிகிறதா உங்களுக்கு? பஞ்சை விரித்து வைத்துப் பார்ப்பது வேறு, பிழிந்து வைத்துப் பார்ப்பது வேறு. நேற்று விரித்த பஞ்சு, இன்று பிழிந்த பஞ்சு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நோய் கூடிவிட்டது என்றால் என்ன நியாயம்? ஆனால் நான் கேட்பேனா? என் சுபாவம்தான் ஊருக்கே தெரியுமே. கத்தினேன். "ஆள் மூச்சு வாங்கறார், நீங்க அரை நிலா, முழு நிலான்னு பேசிக்கிட்டிருக்கீங்க! ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? தள்ளி நில்லுங்க, டாக்டர் அவர்களே!"

'டாக்டர் அவர்களே' வந்துவிட்டது. தள்ளி நின்றேன்.

கட்டிலருகே குனிந்து கேட்டார். "ஐயா, படம் எடுக்கறப்ப மூச்சைப் பிடிச்சீங்களா?" பெரியவர் பிராணவாயு முகமூடிக்குள்ளிருந்து மரியாதையாகத் தலையாட்டினார். "பார்த்தீங்களா?" என்றேன் நான். அக்கா விடவில்லை. "பிடிக்கவே இல்லையா?" அதற்கும் அதே தலையாட்டல், அதே மரியாதை. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து, "என் தலையிலே ரெண்டு கொம்பு இருக்கா ஐயா?" என்றார். பெரியவர் ரொம்ப அன்பாக, ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணே, நீங்களே இப்போது சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு நாங்கள் குனிந்து உங்கள் காதைப் பார்த்தோம், கருவி இல்லை.

நடந்தது இதுதான். ஸ்கேன் அறைக்குள் போகும்போது உடம்பில் நகை, உலோகம், கருவி எதுவும் இருக்கக்கூடாது என்பது வழக்கம். முதல் தடவை ஸ்கேன் எடுத்த பெண் காதுக் கருவியைக் கவனிக்கவில்லை, முடிக்குள் மறைந்திருந்தது. இரண்டாம் தடவை வந்தவள் பொறுப்பானவள், பார்த்துக் கழற்றி, பத்திரமாகப் பெட்டியில் போட்டு, மருத்துவமனை வாசலுக்கு வெளியே காத்திருந்த மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் குரல் வருகிறது: மூச்சை இழுங்கள், பிடியுங்கள். யார் காதில் விழும்? கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்று சொல்கிற புத்திசாலிகள் உலகத்தில் எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? முதல் நாள் மறந்தது நல்லதாயிற்று, இரண்டாம் நாள் ஞாபகம் வைத்தது வம்பாயிற்று!

"இன்னொரு படம் எடுக்கணும்" என்றார் அக்கா. தேவையில்லாத ஸ்கேனுக்கு எதிரி அவர். "கதிர் என்ன காத்தா, சும்மா வாங்கிக்கறதுக்கு?" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! அவரே கேட்கிறார். நான் மயக்க மருத்துவரைத் தள்ளுவண்டியோடு கூடவே வரச் சொல்லிவிட்டு, ஒப்புக்கொண்டேன்.

கீழே போனால் இன்னொரு கூத்து. பெட்டி வந்தது, கருவி வந்தது, அதற்குள் பேட்டரி தீர்ந்திருந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் படிக்கிற கண்ணாடி வீட்டில். அக்கா என்ன செய்தார்? அந்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, முகமூடியோடு, கண்ணாடியோடு, நெஞ்சை இப்படி விரித்துக் காட்டுகிறார், கன்னத்தை உப்புகிறார், கையை ஆட்டுகிறார். தவளைக்குத் தடுப்பூசி போட்ட மாதிரி இருந்தது. பெரியவருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. காது கேளாதவர்களின் வழக்கப்படி உரக்கச் சொன்னார்: "மூச்சைப் பிடிக்கணுமாம்மா? அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க? எங்க அச்சகத்துலே கத்தினாலும் கேக்காது. கையாலேதான் பேசுவோம். மூடின கை, மெஷினை நிறுத்து. விரிச்ச கை, ஓட்டு. அதைக் காட்டுங்க, போதும்."

அவ்வளவுதான்! படுக்கையிலேயே ஒத்திகை நடந்தது. அக்கா கையை மூடித் தூக்குவார், அவர் மூச்சை இழுத்து நிறுத்துவார். கையை விரிப்பார், அவர் விடுவார். பிறகு இயந்திரத்துக்குள் மேசை நகர்ந்தது. எல்லாரும் கதிர் தாண்டாத கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஓடிவந்துவிட்டோம். அக்கா மட்டும் உள்ளே, அவர் கண்ணில் படும்படி கால்மாட்டில், மூடிய கையை உயர்த்தியபடி நின்றார். அந்தக் கனமான அங்கியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதோ இந்தப் பழைய படத்தில் நிற்கிறாரே, அதேபோல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், என் மூச்சும் நின்றிருந்தது.

திரையில் படம் வந்தது. நேற்றைய படம், அதாவது முதல் ஸ்கேன், இடப்பக்கம், புதிய படம் வலப்பக்கம். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குள் நுழைந்துவிடுவது போலப் பார்த்தார். வெளுப்பு கூடவில்லை. நேற்று இருந்த அளவுதான். ஓரத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "தம்பி," என்றார், "கோடு தம்பி. கோடு விழுந்திருக்கு."

தள்ளுவண்டி திரும்பிப் போனது. மூச்சு வேகமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் பயம் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அண்ணனுக்கு நேர்ந்ததை நினைத்தே பயந்துகொண்டிருந்தவர் கண்ணெதிரே அந்தக் குழாய்களையெல்லாம் வேறு பரப்பி வைத்திருந்தோம்! மணிக்கொரு தடவை அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்கா அந்த அம்மாவைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் தப்பாப் படிச்சுட்டேன்மா. மன்னிச்சுக்குங்க. உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துக்கிட்டிருக்கார்." அந்த அம்மா அப்போதுதான் அழுதார்களாம். பெரியவர் மெல்ல மெல்லத் தேறி, ஒரு காலை நேரத்தில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டிப் போனார்.

நம்மில் எத்தனை பேர் போட்ட கையெழுத்தை நாமே அடிப்போம்? சொல்லுங்கள்! தப்பு யாருக்கு வராது? அதைப் பூசி மெழுகுவதற்குத்தான் நமக்கெல்லாம் எவ்வளவு திறமை! அந்த அம்மையார் என்ன செய்தார்? மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லா இளம் மருத்துவர்களையும் உட்கார வைத்து, மூன்று படங்களையும் திரையில் போட்டார். "நடுவிலே இருக்கே, அது நான் தப்பாப் படிச்சது. நல்லாப் பாத்துக்குங்க" என்றார். கருவியைக் கழற்றிய பெண் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, "நீ விதிப்படிதான் செஞ்சே. ஓட்டை விதியிலே இருக்கு. வா, அடைப்போம்" என்றார்.

அன்றிலிருந்துதான் நம் மருத்துவமனையில் யாரையும் நேராக இயந்திரத்தில் படுக்க வைப்பதில்லை. முதலில் ஒத்திகை. மூடிய கை, பிடி. விரித்த கை, விடு. காது கேட்கிறவருக்கும் அதே, கேட்காதவருக்கும் அதே, நம் மொழி தெரியாதவருக்கும் அதே. அந்தப் பெண்தான் இன்று ஸ்கேன் பிரிவின் பொறுப்பாளர். அந்த மூன்று படங்கள்தான் இன்றும் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் முதல் பாடம்.

ஓய்வுபெற்ற பிறகும் நான் அவர் வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்ப்பார். "நேத்துக்கு இன்னைக்கு இளைச்சிருக்கே தம்பி" என்பார். அந்த நேற்று, போன வருடமாக இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய கதை பேசுவோம். முக்காலி பற்றி, முனகும் விளக்குப் பெட்டி பற்றி, தவளைக்கு ஊசி போட்டது பற்றி. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிடும். உடனே நான் மருத்துவனாகிவிடுவேன். "என்ன இருமல் இது? ஒரு படம் எடுங்க அக்கா" என்பேன். "எடுக்கலாம், ஒப்பிட்டுப் பாக்க நேத்துப் படம் இல்லையே! ஊரார் நெஞ்செல்லாம் என்கிட்டே இருக்கு, என் நெஞ்சு ஒண்ணுகூட இல்லை" என்று இன்னும் சிரிப்பார்.

அவர் போனது நோயால் இல்லை. இதயம் நின்றது, அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, அக்கா நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். "ஏங்க, நேத்துப் பேப்பர் எங்கே? இதுலே வேற மாதிரிப் போட்டிருக்கான்" என்றிருக்கிறார். இவர் உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், கண்ணாடி மடியில் விழுந்து கிடக்கிறது. "நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ளே போயிட்டா டாக்டர், நான் எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சார், நீங்கள் எடுத்துக்கொண்டுதான் வந்தீர்கள். அவர் கேட்டது எதுவும் அந்த வீட்டில் கிடைக்காமல் போனதில்லை.

தலைவர் அவர்களே, ஒரு விண்ணப்பம். புதிய கணினி வருகிறதாம், படத்தைக் கொடுத்தால் நோய் எத்தனை சதவீதம் என்று அதுவே சொல்லுமாம். வரட்டும், நல்லது. ஆனால் நேரம் மிச்சமாகும் என்று சொல்லிக் காலைக் கூட்டத்தை நிறுத்தப் போவதாகக் காதில் விழுகிறது. அதைச் செய்யாதீர்கள்! பிழிந்த பஞ்சுக்கும் அந்தக் கணினி சதவீதம் சொல்லும். அரை நிலாவைப் பார்த்துப் படியேறி ஓடிவருமா அது? ஓய்வுபெற்றவன்தான் நான், ஆனாலும் வாரத்துக்கு ஒரு காலை வருகிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம், தேநீர் போதும். அந்த முக்காலி கிடங்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். தலையாட்டுகிறீர்கள், நன்றி. அச்சகத்து அண்ணன் ஆட்டிய மாதிரித் தலையாட்டல் இல்லையே?

செயலாளர் எழுந்துவிட்டார். முடித்துவிடுகிறேன். நிகழ்ச்சி நிரலில் மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறீர்கள். அதை மணி அடித்து ஆரம்பித்து மணி அடித்து முடிக்க வேண்டாம். அவருக்கு நாம் வேறு வழியில் செய்வோம். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். இதோ, கையை மூடி உயர்த்துகிறேன். மூச்சை இழுங்கள். நான் கையை விரிக்கும் வரை பேச்சு வேண்டாம்.

...

மன்னியுங்கள். நேரமாகிவிட்டது, தெரியும். சிலர் மூச்சுவிட ஆரம்பித்துவிட்டீர்கள், அதுவும் தெரிகிறது. கை விரிய மாட்டேன் என்கிறது. இதை விரித்துவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள், அக்கா போய்விட்டார் என்று நானும் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அதற்கு மனசு வரவில்லை, அக்கா. வரவே இல்லை.

யார் அது, தூண் பக்கம்? அச்சகத்து அண்ணனா? என்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். விரித்துக் காட்டுகிறார்.

புரிகிறது அண்ணே. ஓட்டச் சொல்கிறீர்கள்.

சரி, ஓட்டுறேன். இதோ, கையை விரிக்கிறேன். எல்லாரும் மூச்சை விடுங்கள்.